படுக்க ஓர் இடம்: புதுக்கோட்டைச் சீமையின் தலைக்கணக்கு

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் சித்தன்னவாசலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வெயிலைப் பார்க்காமல் மலைமேல் ஏறி, பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால்வைத்துப் போனால் ஏழடிப்பட்டம் வரும். இயற்கையாக அமைந்த குகைத்தளம். அதன் தரையில் 17 கற்படுக்கைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் கை கால் நீட்டிப் படுக்கும் அளவு. வழுவழுவென்று தேய்த்து, தலைமாட்டில் கல்லையே தலையணைபோல் சற்று மேடாக விட்டிருக்கிறார்கள். சமண முனிவர்கள் தவமிருந்த இடம் அது.

அவற்றுள் பழைய படுக்கை ஒன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபோசில் என்ற ஊரின் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்பது அதன் செய்தி. எருமைநாடு என்றால் இன்றைய மைசூர்ப் பக்கம் என்பது அறிஞர்கள் கருத்து. அதாவது, எங்கிருந்தோ வந்த ஒருவர் படுக்க இந்த மண்ணின் ஆட்கள் கல்லைத் தேய்த்து இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

மக்கள்தொகைப் பெருக்கம், நகர நெரிசல் என்று பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் நினைவுக்கு வரும். எத்தனை பேர் வந்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வந்தவனுக்குப் படுக்க எவ்வளவு இடம், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. புதுக்கோட்டை பெரிய நகரம் எதையும் கொண்ட மாவட்டமில்லை. ஆனாலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பெரிய ஊர்களை ஆள் அனுப்பி நிரப்பி வந்திருக்கிறது. நெரிசலைப் புரிந்துகொள்ள நெரிசலான ஊரில் மட்டும் நின்று பார்த்தால் போதாது என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் ஒரு வீடு கண்ணில் படும். முகப்பில் கிரானைட், எவர்சில்வர் கைப்பிடி போட்ட படிக்கட்டு, மொட்டை மாடியில் அடுத்த மாடிக்காக நீட்டிக்கொண்டு நிற்கும் துருப்பிடித்த கம்பிகள். உள்ளே ஐந்து அறை, ஒரே ஆள். எங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு உண்டு. அங்கே இருப்பவர் எனக்கு அத்தை முறை. நான்கு அறையைப் பூட்டிவிட்டுக் கூடத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார். அவருடைய மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். ஒருநாள் வீடியோ காலில் தன் அறையைச் சுற்றிக் காட்டினான். இரும்பு அடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டில் இவனுக்கு. கைலி ஒன்றைக் கயிற்றில் மாட்டித் திரை போட்டிருந்தான். தலைமாட்டில் சார்ஜர், சாமி படம், ஊறுகாய் பாட்டில். கால்மாட்டில் ஊருக்குக் கொண்டுவர வாங்கிச் சேர்க்கும் சாமான் பெட்டி. மொத்தம் பன்னிரண்டு பேர். அத்தை கேட்ட முதல் கேள்வி, "காத்து வருதாடா?" அடுத்த கேள்வி, "மேல படுத்திருக்கவன் நம்ம பக்கத்துப் புள்ளையா?" அவன் சிரித்துக்கொண்டே, "ஃபேன் இருக்கு ஆத்தா. மேல இருக்கவன் வங்காளதேசம்" என்றான்.

ஐந்து அறைக்கு ஒருவர், ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். அத்தையும் மகனும் ஒரே ரேஷன் கார்டுக்காரர்கள். இந்த வெறுமையும் அந்த நெரிசலும் தனித்தனிச் சங்கதி அல்ல. அந்த அறையின் நெருக்கம்தான் இந்த வீட்டின் கிரானைட்.

இது எப்போது தொடங்கியது என்று பார்த்தால் தலைக்கணக்கே சொல்கிறது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1871இல் 3,16,695 பேர் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து 1881இல் 3,02,127. நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். வானம் பார்த்த பூமி இது. வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்களையும் குளங்களையும் வெட்டி முன்னோர்கள் பிழைத்தார்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாய் இருந்தும் பயனில்லை. பஞ்சத்தில் செத்தவர்கள் போக, எஞ்சியவர்களில் கால் உள்ளவர்கள் நடந்தார்கள்.

நடந்த திசை கிழக்கு. தொண்டி, அம்மாப்பட்டினம் போன்ற கடற்கரைகளில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாகப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை. ஊரில் வந்து ஆள் திரட்டியவர் கங்காணி. அவரும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அதே சொந்தம். வழிச்செலவையும் முன்பணத்தையும் கடனாக எழுதிக்கொண்டு கூட்டிப் போவார். காய்ச்சலிலும் பேதியிலும் அந்தக் காட்டு வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் தனுஷ்கோடி தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு போவதும் வருவதும் எளிதாயிற்று, ஆட்களும் பெருகினார்கள். 1921இல் 4,26,813 பேர் இருந்த சமஸ்தானத்தில் 1931இல் 4,00,694 பேர்தான். பெரும் பஞ்சம் இல்லாத பத்தாண்டில் இருபத்தாறாயிரம் பேர் குறைந்தார்கள் என்றால் ஊர் ஊராகப் பெட்டி கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சிலோன், பர்மா, மலேயா என்று போன கூட்டம் அது.

போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது லயம். தேயிலை மலைகளில் வரிசை வீட்டை அப்படித்தான் சொல்வார்கள். நீளமாக ஒரே கட்டடம், முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், மேலே தகரம். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே பிரசவம், அதற்குள்ளேயே கிழவனும் புதுமணத் தம்பதியும். ஐந்து பேர் குடும்பம் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 24 சதுர அடி. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை மலை. அங்கே நிலத்துக்கா பஞ்சம்? நூற்றுக்கணக்கான ஏக்கரை நிர்வகித்த துரையின் பங்களாவுக்குப் புல்வெளியே ஏக்கர் கணக்கில் இருந்தது. லயத்தின் அளவைத் தீர்மானித்தது மலையின் பரப்பு அல்ல. கூலியாளுக்கு எவ்வளவு போதும் என்று தோட்ட நிர்வாகம் நினைத்ததுதான் அளவு. இந்தச் சீமையின் மக்கள் நெரிசல் என்ற ஒன்றை முதன்முதலில் அனுபவித்தது எந்தப் பெருநகரத்திலும் இல்லை, ஆள் நடமாட்டம் குறைந்த மலைக்காட்டில்தான் என்பதை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

இந்த வேறுபாட்டை நகரவியலார் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். 1961இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அமெரிக்கரான ஜேன் ஜேக்கப்ஸ், மக்கள் அடர்த்தி வேறு, இடநெருக்கடி வேறு என்று பிரித்துக் காட்டினார். ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் என்பது அடர்த்தி. ஓர் அறையில் எத்தனை பேர் என்பதுதான் நெருக்கடி. மாடி மேல் மாடியாக ஆயிரம் பேர் வசதியாக வாழலாம். பரந்த வெளியில் ஒற்றைக் குடிசைக்குள் பத்துப் பேர் மூச்சு முட்டலாம். ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் போனால் அது நெருக்கடி என்பது ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு வைத்திருக்கும் கோடு. அந்தக் கோட்டை வைத்தால் இந்தியாவில் பாதிப் பேச்சு மாறிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 100 குடும்பங்களில் 37 குடும்பம் ஒற்றை அறையில் வசிக்கிறது. அவற்றில் பெருநகரத்தைப் பார்த்தே இராத கிராமத்துக் குடும்பங்களும் நிறைய.

சென்னையை எடுத்துக்கொள்வோம். 2011இல் பழைய எல்லைக்குள் 46,46,732 பேர், சதுர கிலோமீட்டருக்கு 26,553. புதுக்கோட்டை மாவட்டத்தில் அதே ஆண்டு சதுர கிலோமீட்டருக்கு 348. ஏறத்தாழ எழுபத்தாறு மடங்கு வித்தியாசம். ஆனால் அந்தப் பத்தாண்டில் பழைய சென்னை வளர்ந்தது ஏழு சதவீதம் அளவுக்குத்தான். புதுக்கோட்டை மாவட்டம்கூட 10.9 சதவீதம் கூடியிருந்தது. பெருத்ததெல்லாம் ஓரங்கள். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம், திருவள்ளூர் 35 சதவீதம். எனவேதான் 2011இல் மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்தார்கள். ஜனம் நடுவில் குவிகிறது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது அது ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. சிலர் வாடகை தாங்காமல் தாமாகப் போகிறார்கள். சிலரை வண்டியேற்றிக் கொண்டுபோய் விடுகிறார்கள். 2000இலிருந்து கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் கண்ணகி நகருக்கும் பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் அப்படித்தான். கண்ணகி நகரின் தொடக்ககால வீடுகள் 195 சதுர அடி. ஐந்து பேருக்குத் தலைக்கு 39. லயத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆற்றங்கரையில் நெருக்கம் குறைந்தது உண்மை. அந்த நெருக்கத்தை வேலைக்கும் பள்ளிக்கும் வெகு தூரத்தில் கொண்டுபோய் வைத்ததும் உண்மை.

எங்கள் பக்கத்துப் பையன்கள் சென்னையில் முதலில் தங்குவது திருவல்லிக்கேணி மேன்ஷன். பேர்தான் மேன்ஷன், அறை இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். ஊரிலிருந்து வேலை தேடி வருகிறவன் ஒரு மாதம் மூன்றாவது ஆளாகத் தரையில் படுப்பான். வேலை கிடைத்ததும் அவன் தன் தம்பிக்கோ பங்காளிக்கோ அதே தரையை விட்டுக் கொடுப்பான். இட நெருக்கடியில் இப்படி ஓர் ஈரமும் உண்டு. அந்தத் தரை இல்லாவிட்டால் கிராமத்துப் பிள்ளைக்குப் பட்டணத்தில் கால் ஊன்ற வழியே இருந்திருக்காது. நெரிசலை ஒழிக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இந்தத் தரையைத்தான் காலி செய்கிறார்கள். அதற்குப் பதில் எதையும் தருவதில்லை.

சிங்கப்பூர்க் கதை இன்னும் ஆழமானது. எங்கள் மாவட்டத்துக்கு அது வெளிநாடு என்பதைவிடப் பக்கத்து டவுன் மாதிரி. காரைக்குடி தெரியாதவனுக்கும் சிங்கப்பூரின் தேக்கா தெரியும். திருச்சியில் விமானம் ஏறினால் அடுத்த நேரச் சாப்பாடு அங்கே. கடலோரத்துக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வெளிநாடு போன சபராளி இல்லாத வீடு அரிது. 2015இல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தார் நடத்திய தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு ஆய்வின் கணக்கில் வெளிநாடுகளில் இருந்த தமிழ்நாட்டார் சுமார் 22 லட்சம். அவர்களில் அதிகம் பேர் இருந்த நாடு சிங்கப்பூர், சுமார் 4.1 லட்சம்.

சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் ஆறு சிங்கப்பூரை வைக்கலாம், இன்னும் இடம் மிச்சமிருக்கும். அந்தச் சின்னத் தீவில் 60 லட்சம் பேர். அந்த அடர்த்தியில் எங்கள் மாவட்டத்தை நிரப்பினால் மூன்றே முக்கால் கோடிப் பேருக்கு மேல் வருவார்கள், தமிழ்நாட்டு ஜனத்தில் ஏறத்தாழப் பாதி. ஆனால் சிங்கப்பூர்க் குடிமக்கள் இடிபட்டு வாழவில்லை. 1950களில் அங்கே சைனாடவுன் கடைவீடுகளில் ஜன்னல் இல்லாத தடுப்பறைகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. மறு ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதி தீக்கிரையாகி ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். முதல் ஐந்தாண்டில் அந்தக் கழகம் ஐம்பதாயிரத்துக்கு மேல் வீடு கட்டியது. இன்று அங்கே வசிப்போரில் ஐந்தில் நால்வர் கழக வீடுகளில் இருக்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் தனித்தனிச் சேரியாகப் பிரிந்துவிடக் கூடாதென்று 1989இல் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி இன விகிதம் வகுத்தார்கள். வீட்டை விற்க நினைக்கும் சிறுபான்மையினருக்கு அது இன்றும் கட்டுப்பாடாக உறுத்துகிறது. என்றாலும் மூன்று மொழிக்காரர்கள் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் பழக்கத்தை அந்த ஏற்பாடுதான் வளர்த்தது. அடர்த்தியையும் நெருக்கடியையும் பிரிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

அதே ஊர், அதே ஆட்சி. ஆனால் அந்த வீடுகளைக் கட்டும் தொழிலாளி அந்தக் கணக்கில் வரமாட்டான். வேலை பெர்மிட்டில் போகிறவன் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. அவனுக்கு டார்மிட்டரி. துவாஸ் போன்ற ஓரங்களில், ஓர் அறைக்குப் பன்னிரண்டு முதல் இருபது பேர். 2013 ஜனவரியில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2030க்குள் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்று சொன்னபோது அங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதம் ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ரயிலில் கூட்டம், ஆஸ்பத்திரியில் கூட்டம், இனி தாங்காது என்றார்கள். அவர்களுடைய தவிப்பு பொய்யல்ல. அந்த ஆண்டு டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு லிட்டில் இந்தியாவில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் வெடித்தது. அதன்பின் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது, போலீஸ் கூடியது. ஆறு நாளும் தடுப்புக்குள் கிடக்கிறவர்கள் ஏழாம் நாள் ஒரே தெருவில் வந்து நிற்க வேண்டிய நிலை ஏன் என்ற கேள்வி மெல்லத்தான் எழுந்தது.

அதற்குப் பதில் சொல்ல நோய் வர வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் டார்மிட்டரிகளுக்குள் கொரோனா புகுந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே அடைபட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் அரசு வெளியிட்ட கணக்கின்படி டார்மிட்டரிவாசிகளில் 47 சதவீதம் பேரை நோய் தொட்டிருந்தது. சம்பளம் வந்தது, சாப்பாடு வந்தது, வைத்தியமும் பார்த்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரே தீவில் வீட்டுக்குள் இருந்தவனுக்கு ஒரு நோய், கட்டிலில் இருந்தவனுக்கு வேறு நோய் என்பது போலாயிற்று. எங்கள் தெருவில் அந்தக் கோடையில் ராத்திரி பத்து மணிக்கு மேலும் வீட்டு வாசல்களில் போன் வெளிச்சம் தெரியும். அத்தை தினமும் இரண்டே வார்த்தை கேட்பார்: "மூச்சு விடுறியா?"

பிறகு விதிகள் மாறின. புதிதாகக் கட்டும் டார்மிட்டரிகளில் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, தலைக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் என்று 2021இல் வகுத்தார்கள். நம் கணக்கில் 45 சதுர அடி. லயத்தின் 24, கண்ணகி நகரின் 39, இங்கே 45. நூறு ஆண்டுக்கு மேலான பயணத்தில் உழைப்பவனின் படுக்கை இருபது சதுர அடி சொச்சம் அகன்றிருக்கிறது.

வெளியூர்க்காரர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் அது நியாயமாகாது. நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. பாட்டன் பெயர்ந்துபோன மண்ணுக்குப் பேரன் திரும்பி வந்தான். வந்தவனை ஊர் சிலோன்காரன் என்றுதான் கூப்பிட்டது. 1983க்குப் பிறகு இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்களுக்காக இந்த மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. பத்துக்குப் பத்து அறை. சுற்றிலும் தைல மரக்காடு, செம்மண் மேடு, விரிந்த வெளி. அதற்கு நடுவே லயத்தைவிடச் சின்னதாக ஒரு லயத்தை நாமே கட்டி, அதில் ஒரு தலைமுறையை வளர்த்திருக்கிறோம். 2021க்குப் பிறகு அரசு மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றி, மாநிலம் முழுதும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட புது வீடுகள் கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். முப்பது ஆண்டு தாமதம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலம் இல்லாததால் வந்த தாமதம் அல்ல அது.

புதுக்கோட்டை நகரத்தையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரி மேஜர் பிளாக்பர்ன் காலத்தில் அகலமான நேர்வீதிகள் போட்டார்கள். 1878இலிருந்து 1894 வரை நிர்வாகம் செய்த சேஷையா சாஸ்திரி குளங்களைச் சீராக்கினார். கீழ ராஜ வீதியில் இன்றும் நின்று பார்த்தால், கட்டியவர்கள் தங்கள் காலத்து ஜனத்தை மட்டும் மனதில் வைக்கவில்லை என்று தெரியும். 1901இல் இருபதாயிரம் பேர் இருந்த ஊரில் 2011இல் 1,17,630 பேர். அந்தப் பழைய வீதிகள் இன்றும் தாங்குகின்றன. திணறுவதெல்லாம் பிறகு முளைத்த நகர்கள். மூன்று ஆள் அகலச் சந்துகள், வரத்து வாய்க்கால் மேல் வீடு, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். 2024 ஆகஸ்டில் நகராட்சி மாநகராட்சியானது. சுற்றுக் கிராமங்களைச் சேர்ப்பது என்றதும் கிராமத்துப் பெண்கள் அஞ்சியது வீட்டு வரி கூடுமே என்றும், நூறு நாள் வேலை போய்விடுமே என்றும்தான். நகரம் என்றால் அவர்களுக்கு இதுவரை கிடைத்த அனுபவம் அப்படி.

ஜனம் பெயர்ந்ததற்கு இந்த மாவட்டம் கொடுத்த விலை இன்னொன்றும் உண்டு. 2001 கணக்கெடுப்பை வைத்துச் செய்த தொகுதி மறுவரையறையில் 2008இல் புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. பதினாறு லட்சம் பேர் கொண்ட மாவட்டத்தை நான்காகப் பிரித்துத் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் தொகுதிகளோடு ஒட்டினார்கள். அதே மறுவரையறையில் புதிதாக உருவான தொகுதிகளில் ஒன்று திருப்பூர். பனியன் கம்பெனிக்கு எங்கள் பிள்ளைகள் போன ஊர். ஆள் போன வழியே எம்.பி.யும் போய்விட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். 2009 தேர்தலில் யாருக்கும் ஓட்டில்லை என்று எழுதிக் கொடுத்துக் கோபத்தைக் காட்டியவர்களும் உண்டு. அடுத்த மறுவரையறைப் பேச்சு இப்போது நாடு முழுதும் நடக்கிறது. குழந்தைப் பேற்றைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு இடம் குறையலாமா என்று தமிழ்நாடு கேட்கிறது. நியாயமான கேள்வி. மாநிலத்துக்குள்ளேயே அப்படி ஒரு முறை இழந்தவர்கள் நாங்கள் என்பதால் அந்த வலி எங்களுக்குப் புதிதல்ல.

எண்களில் இன்னொரு தடயமும் கிடக்கிறது. 2011இல் மாநிலத்தில் ஆயிரம் ஆணுக்கு 996 பெண். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1,015. பெண் குழந்தை அதிகம் பிறக்கும் மண் என்பதில்லை, ஆண்கள் ஊரில் இல்லை. நம் கணக்கெடுப்பு முறைப்படி, எண்ணும் நாட்கள் முழுதும் வெளியே இருப்பவரை அந்த வீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆண்கள் இல்லாததால் விவசாயம், பால், வட்டி, வழக்கு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பெண்கள் தலையில். 1991இல் அறிவொளி இயக்கம் வந்து, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அது ஏதோ விழாக் கொண்டாட்டம் என்று வெளியூரார் எழுதினார்கள். ஆம்பளை இல்லாத ஊரில் பாங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேறு வழி எது?

ஏன் போகிறார்கள் என்பதை நீட்டத் தேவையில்லை. கண்மாய் வரத்துகள் அடைந்தன. தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்குப் போயிற்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் பக்கத்துத் தென்னைகளை ஒரே ராத்திரியில் சாய்த்தது. கல்லணைக் கால்வாய் கடைமடையில் மும்பாலை வரை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். 2021இல் அடிக்கல் நாட்டிய காவிரி வைகை குண்டாறு இணைப்பு வந்து சேர்ந்தால் கொஞ்சம் பேர் தங்கக்கூடும். தோப்பு விழுந்த வீட்டுப் பையன் அதுவரை காத்திருக்க மாட்டான். வெளிநாட்டு வேலைக்கு டெஸ்ட் அடிக்கப் பட்டுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுவான். ஏஜெண்டுக்குக் கட்டும் பணம் வட்டிக்கு வாங்கியதாக இருக்கும். கங்காணி போனார், முன்பணம் போகவில்லை.

இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கப்போகிறது. அதற்கு முந்தைய வீட்டுக் கணக்கில் எத்தனை அறை என்று கேட்பார்கள். அத்தை ஐந்து என்பார். ஆள் எத்தனை என்பதற்கு ஒன்று என்பார். மகன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். கேரளம் 1998இலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் புலம்பெயர்வு ஆய்வு நடத்தி, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எந்த நாட்டில் என்று தெரிந்து வைத்திருக்கிறது. தமிழ்நாடும் அதைத் தவறாமல் செய்ய வேண்டும். அதோடு அவர்கள் எப்படிப் படுக்கிறார்கள் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். ஊராட்சிக்கு ஊராட்சி பதிவேடு இருந்தால், மறுபடியும் ஒரு தொற்று வரும்போது யாரைத் தேடுவது என்றாவது தெரியும்.

எப்படிப் படுக்கிறார்கள் என்ற அந்தக் கேள்வியை உள்ளூரிலும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. மகன்கள் போன இடத்துக்கு ஆள் வந்துகொண்டிருக்கிறார்கள். பீகார், ஒடிசா, வங்காளப் பையன்கள் புதுக்கோட்டையில் பரோட்டா போடுகிறார்கள், கம்பி கட்டுகிறார்கள், விராலிமலைப் பக்கம் கம்பெனிகளில் நிற்கிறார்கள். அத்தை வீட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குப் போன மாதம் வேலை தொடங்கியது. மகன் பணம் அனுப்பியிருக்கிறான். வேலைக்கு வந்தவர்களில் ஐந்து பேர் ஒடிசா. கான்ட்ராக்டர் அவர்களைச் சிமெண்ட் மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகையில் தங்கச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மழை. சாவிக்கொத்தைத் தேடி எடுத்துப் பூட்டிக் கிடந்த அறைகளில் இரண்டைத் திறந்துவிட்டார். மொழி தெரியாத பையன் ஒருவன் பாயை விரிக்கும்போது, ஜன்னலைத் தள்ளித் திறந்து கையால் காட்டிக் கேட்டாராம், காத்து வருதா என்று.